தொடங்கி நின்ற துணிகள்

தம்பி,

உன் பயணப் பை இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. விமானம் அடுத்த வாரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, இரண்டு சேர்ட்டையும் ஒரு சாரத்தையும் மடித்துப் போட்டு, வாசல் தாண்டிக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாய். அப்படி வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம், பிறகு எந்த நேரத்தில் வீட்டை விட்டு இறங்கினாலும் குறையில்லை என்பது நம் சனங்கள் வைத்திருக்கிற வழக்கம். திரும்பி வந்து தேத்தண்ணி கேட்டாய். ஊற்றிக் கொடுத்தேன். நீ உட்கார்ந்து குடித்த இடத்துக்குப் பின்னால், முன் அறையில், உன் மரச்சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டுக்கான பட்டுத்துணி இழுத்துக் கட்டப்பட்டு, கொஞ்சம் பூ வேலை நடந்து, அப்படியே நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "நான் போன பொறகு வந்து கேட்டாங்கன்னா கொஞ்சம் சமாளிங்கம்மா. நீங்க முடிச்சுக் குடுப்பீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

என் இடது கண்ணில் திரை விழுந்து மங்கியிருப்பது உனக்குத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்கவே அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் போன் அடித்தது, நீ எழுந்து வெளியே போய்விட்டாய். ஆகவே எழுதுகிறேன். நேரில் சொன்னால் "சரிம்மா" என்பாய். சிறு வயதிலிருந்து நீ என்னோடு ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஊரில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டோமே என்று எனக்கு இப்போதுதான் பயமாக இருக்கிறது. உன்னைப் போலவே வீட்டு முன் அறையில் சட்டம் போட்டுப் பூ வேலை செய்கிற பிள்ளைகள் உக்குவளையிலும் மாத்தளையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டாத கடிதமாக எழுதுகிறேன். அதற்காக ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். செல்வி என்று நான் எழுதுவது யாரை என்று உனக்குத் தெரியும்.

கார்மன்ட் வேலையை விட்டு நீ வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஓய்வு கிடைத்து அதிக நாளாகவில்லை. பாடசாலை மணி கேட்காத காலைப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த எனக்கு, முன் அறையில் நீ மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது திருவிழா மாதிரி இருந்தது. கை மாறி வந்த பழைய கம்ப்யூட்டர் மெஷின். பாடசாலைச் சின்னங்களும், சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் பையன்களின் சேர்ட்டில் பெயரும் அதில் தைத்தாய். பிறகு ஆரி வேலைக்கு ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். கொக்கி வைத்த ஊசியால் துணிக்கு அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்துப் பூவாக்குகிற வேலை. அதற்கு மெஷின் கிடையாது, கைதான். செல்வி வந்தாள். என் கடைசி வகுப்பில் படித்த தோட்டத்துப் பிள்ளை. அவள் தன் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாள். காலையில் அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டாலே நான் அடுப்பில் கேத்தலை வைப்பேன்.

ஒன்றைக் கவனித்திருக்கிறாயா? அந்த மெஷினில் நாம் ஏற்றுக்கொண்ட வேலை ஒன்றுகூடத் தாமதமானதில்லை. விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் கேட்டால் முதல் நாளே சின்னங்கள் போய்ச் சேர்ந்தன. மெஷின் கெட்டிக்காரத்தனத்தால் நடந்ததல்ல அது. ஏற்றிய துணியை முடிக்காமல் அடுத்த துணியை அதில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். யார் வந்து கெஞ்சினாலும் அது ஒரு வேலையைத்தான் செய்யும். அதன் பக்கத்திலேயே, அதே கூரைக்குக் கீழே, கெட்டிக்காரிகள் மூன்று பேர் உட்கார்ந்து செய்த கல்யாண வேலைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பிந்தின. ஏன் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

முதல் தையல் வழக்கத்தை நீ தொடங்கவில்லை, நானும் தொடங்கவில்லை. மாத்தளை டவுனில் சாமான் கடை வைத்திருப்பவரின் மனைவி, தன் மகளின் கூறைச் சேலைக்கு ஜாக்கெட் கொடுக்க வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு துண்டு மஞ்சளை எடுத்தார். "தம்பி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. இப்ப நல்ல நேரம். ஒரே ஒரு பூ, இப்பவே போட்டுடுங்க. மத்ததெல்லாம் ஆறுதலா செய்ங்க" என்றார். நீ துணியைச் சட்டத்தில் கட்டி, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, ஒரு சின்னப் பூவைப் போட்டாய். அந்த அம்மா அதைப் போனில் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அழகாகத்தான் இருந்தது, நானும் கைகூப்பினேன். அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, அடுத்து வந்தவர்களும் மஞ்சளோடு வந்தார்கள். சிங்களக் குடும்பங்களும் நெகத் என்கிற தங்கள் நல்ல நேரம் பார்த்துக் குறித்த தாளோடு வந்தார்கள். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இல்லாத ஒன்று உன் கடையில் இருக்கிறதென்று பெயரானது. நீ சந்தோஷப்பட்டாய். யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்?

ஆனால் நல்ல நாட்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே, தம்பி. கல்யாணங்கள் எல்லாம் அதே சில முகூர்த்தங்களில் விழுகின்றன. முதல் தையலுக்கும் எல்லோரும் அதே காலையைத்தான் பிடித்தார்கள். அந்தக் காலைகளில் நம் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. நீ ஒரு துணியைக் கட்டுவாய், ஒரு பூப் போடுவாய், படமெடுப்பாய், அவிழ்ப்பாய், அடுத்ததைக் கட்டுவாய். எல்லாத் துணியிலும் மஞ்சள் பொட்டு. எல்லோருடைய போனிலும் "தொடங்கியாச்சு" என்று உன் செய்தி. அவர்கள் எல்லோரும் போன பிறகு செல்வி சட்டத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்வாள்: "டீச்சர், இன்னைக்கு எல்லாப் பொண்ணுக்கும் பொட்டு வச்சாச்சு. தாலி எப்பன்னு அண்ணனுக்கே தெரியாது." நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன்.

பிறகு நடப்பதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மாணவர்களைப் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்காது. ஒரு துணியை மட்டும் குறி வைத்துக்கொண்டேன். பச்சைப் பட்டு, உக்குவளைப் பெண்ணுடையது. முதல் பூவுக்குப் பிறகு அது மடித்துத் தலையணை உறைக்குள் போனது. அந்தப் பெண்ணின் அப்பா போன் செய்தபோது வெளியே வந்தது. சட்டத்தில் வேறொரு துணி பாதி வேலையில் இருந்தது. அதை அவிழ்த்து இதைக் கட்டினீர்கள். இழுத்துக் கட்டி, சுருக்கம் போக்கி, அச்சு பார்த்து உட்கார்வதற்குள் தேத்தண்ணி நேரம் வந்துவிட்டது. நாலு பூப் போட்டு, படமெடுத்து அனுப்பினாய். மறுநாள், முன்பு அவிழ்த்து வைத்த துணியின் சொந்தக்காரர் போன் செய்தார். பச்சைப் பட்டு திரும்பவும் உறைக்குள். இன்னொரு முறை வெளியே வந்தபோது அதற்கு வேண்டிய பாசிமணி வந்திருக்கவில்லை. இன்னொரு முறை அளவு ஜாக்கெட்டைக் காணவில்லை, வேறொருவர் துணியோடு சேர்ந்து போயிருந்தது. அந்த ஜாக்கெட்டின் மீது கை பட்ட நேரத்தை எல்லாம் கூட்டினால் சொற்பம்தான். மீதிக் காலம் முழுவதும் அது உறைக்குள் கிடந்தது. உங்கள் நால்வர் கையும் வேகமான கைதான். வேகமாகச் செய்யச் சொல்லி நீ அந்தப் பிள்ளைகளைத் துரத்தியபோதெல்லாம் எனக்கு மனம் கேட்கவில்லை. வேகம் குறைந்ததால் பிந்தவில்லை, தம்பி. துணிகள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தன.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புது வருடத்தில் எல்லாக் கொப்பிகளுக்கும் உறை போட்டு, முதல் பக்கத்தில் வண்ண மையால் பாடத்தின் பெயரை எழுதி, கோடு போட்டு, அலங்கரித்து வருவான். மேசையில் அடுக்கினால் கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். தவணை முடிவில் திறந்தால் எல்லாக் கொப்பியிலும் அந்த ஒரு பக்கம்தான். அவனிடம் நான் மற்றக் கொப்பிகளை வாங்கி என் அலுமாரியில் வைத்தேன். கணக்குக் கொப்பியை மட்டும் கொடுத்து, இன்றைய பயிற்சியை முடித்துக் காட்டினால் அடுத்த கொப்பி கிடைக்கும் என்றேன். அழுதான். மெல்ல மெல்லப் பழகினான். அதையேதான் உன்னிடமும் செய்து பார்த்தேன்.

நினைவிருக்கிறதா? ஒரு மழைக்காலத்தில், ஆட்கள் குறைவாக வந்த நாட்களில், நீ எனக்கு ஒத்துக்கொண்டாய். ஒரு சட்டத்தில் ஏறிய துணி முடிந்துதான் இறங்கும். ஒரே சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஜாக்கெட்டைச் செய்வார்கள். துணி, அளவு ஜாக்கெட், நூல், பாசி, கல், எந்தப் பூ என்ற முடிவு, இவ்வளவும் ஒரே பைக்குள் வந்து சேராமல் சட்டத்துக்குப் போகாது. விஞ்ஞானப் பரிசோதனைக்கு முன்னால் எல்லாப் பொருளையும் மேசையில் வைத்துச் சரிபார்ப்போமே, அந்த மாதிரி. நிறத்தைப் போன் படத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நூல் துண்டுகளை அட்டையில் ஒட்டி வைத்து, வாசல் வெளிச்சத்தில் கையால் தொட்டுக் காட்டச் சொன்னோம். நல்ல நேரத்தையும் நான் மறுக்கவில்லை. சட்டம் எப்போது காலியாகும் என்று முதலில் பார், அந்த வாரத்துக்குள் ஒரு நல்ல நேரத்தைக் காலண்டரில் தேடிச் சொல் என்றேன். எந்த வாரத்தில்தான் ஒன்றுகூட இல்லை? எல்லாவற்றையும்விட முக்கியமாக, துணி கொண்டுவருகிறவரிடம் "இன்னும் தொடங்கவில்லை. இந்த வாரம் தொடங்குவோம், இந்த வாரம் முடிப்போம்" என்று சொல்லச் சொன்னேன்.

"அம்மா, தொடங்கலன்னு சொன்னா வேற எடத்துக்குப் போயிடுவாங்கம்மா" என்றாய்.

"போகட்டும். போய் அவங்க ஜாக்கெட் நேரத்துக்கு வரட்டும்" என்றேன்.

சிலர் போனார்கள். இருந்தவர்களுக்குச் சொன்ன வாரத்துக்கு முன்பே முடிந்தது. அந்தப் பச்சைப் பட்டின் அப்பா மிளகாய்க் கட்டா சம்பல் வைத்த பனிஸ் ரொட்டிப் பொதியோடு வந்து, "நேரத்துக்குக் குடுத்துட்டீங்களே, ஏதும் பிழையா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? செல்வி வேலை முடிந்து போகும்போது சட்டத்தைத் துடைத்து, ஒன்றுமில்லாமல் நிறுத்திவிட்டுப் போவாள். வெறும் சட்டம் இத்தனை அழகா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வாழ்க்கையில் நம்பிக்கையோடு இருந்த கடைசிக் காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மழை விட்டது. தை பிறந்தது. ஒரு நல்ல நாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. அதே சாமான் கடை அம்மா, தன் தங்கை குடும்பத்தோடு. எல்லாச் சட்டத்திலும் வேலை இருந்தது. நான் அவரிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"டீச்சர், ஒரு பூ தானே கேக்குறோம். பிள்ளை மனசுக்கு ஒரு சந்தோஷம்."

"ஒரு பூவுக்காக மத்தப் பிள்ளையோட துணிய அவுக்கணுமே ஆன்ட்டி" என்றாள் செல்வி, தலையைத் தூக்காமலே. "அந்தப் பிள்ளைக்கும் மனசு இருக்கும்."

அந்த அம்மா உன்னைப் பார்த்தார். நீ செல்வியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சட்டத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாய். அன்று சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மறு நல்ல நாளில் திரும்பவும் செருப்பு வைக்க இடமில்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் எதிரே நிற்பவரின் முகம் வாடுவதை உன்னால் பார்க்க முடியாது. அந்த இடத்தில் இல்லாதவரின் முகம் உன் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உன் தொழில் முழுவதும் போய்விட்டது.

செல்விக்கு வரன் அமைந்ததும் அந்தத் தையில்தான். தன் கூறைச் சேலைக்கு வாங்கிய அரக்குப் பட்டுத் துண்டை வெட்கத்தோடு கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தாள். நீ அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து, உன் கையாலேயே முதல் பூவைப் போட்டாய். "என் தங்கச்சிக்கு நான்தான் செய்வேன்" என்றாய். அவள் முகம் எப்படி மலர்ந்தது. அதன் பிறகு அந்தத் துணி எத்தனை முறை ஏறி இறங்கியது என்று நான் எண்ணவில்லை. வெளியாட்கள் போன் செய்தார்கள், வந்து நின்றார்கள், சத்தம் போட்டார்கள். செல்வி சத்தம் போடவில்லை. "என்னோடது கெடக்கட்டும் அண்ணா, நாந்தான் இங்கயே இருக்கேனே" என்று தன் துணியைத் தானே அவிழ்த்து மடித்து வைத்தாள். பாதி முதுகும் ஒரு கையும் முடிந்திருந்தபோது அவளுடைய கல்யாணம் வந்துவிட்டது.

நீ வரவில்லை. நூல் எடுக்கக் கொழும்புக்குப் போனாய். நான் போனேன். தோட்டத்துக் கோயிலில் செல்வி, டவுனில் வாங்கிய வெறும் அரக்கு ஜாக்கெட்டில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் சேலைத் தலைப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "பூ வேல கடையில இருக்கிற பொண்ணுன்னாங்க. ஜாக்கெட்ல ஒரு பூவக் காணோம்?" என்றார். செல்வி சிரித்தாள். "எங்க கடையில கூட்டம் ஜாஸ்தி பெரியம்மா. எனக்கு இன்னும் நம்பர் வரல." எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண் என்னைத் தேடியது, நான் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அவளோடு பஸ்ஸில் வந்த மற்ற இருவரும் மெல்ல மெல்லக் கார்மன்ட் பக்கம் போனார்கள். கொஞ்ச நாளில் மெஷினும் கை மாறியது. மிஞ்சியது நீயும், நானும், இந்தச் சட்டங்களும். ஒரு நாள் நான் அந்த அரக்குத் துணியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். இருக்கிறபடியே கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். லயத்து வாசலில் அவள் மாமியார் துணியைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். "நல்ல காரியத்துக்கு ஆரம்பிச்சுப் பாதில நின்ன துணி டீச்சர். மாசமா இருக்கிற பொண்ணு. வீட்டுக்குள்ள எடுக்க வேணாம்." செல்வி என்னோடு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்து வந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணன் முடிச்சுக் குடுக்கலன்னு எனக்கு வருத்தம் இல்ல டீச்சர். அங்க இருந்தவ, எனக்குத் தெரியாதா?" என்றாள். "தொடங்காம இருந்திருக்கலாம். அதுதான். அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா, நானே வீட்ல வச்சு நாலு பூ போட்டிருப்பேன். இல்லன்னா வேற யார்கிட்டயாவது குடுத்திருப்பேன். பொட்டு வச்சு முதல் தையல் போட்டாச்சு. பொறகு எடுத்துட்டுப் போறதுக்கு எனக்கே மனசு வரல."

பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். தாமதத்தை நாம் நேரக் கணக்கென்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீ அந்தப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தை மட்டுமல்ல, தம்பி. இன்னொரு வாசலுக்குப் போகிற வழியை எடுத்துக்கொண்டாய். ஒரு பூவைப் போட்டுக் கட்டி வைத்தாய். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அழுதாய், உண்மையாகவே அழுதாய். அழுது முடித்து, அந்த அரக்குத் துணியை எடுத்துத் திரும்பவும் சட்டத்தில் கட்டி, இரண்டு பூப் போட்டு, செல்விக்குப் படம் அனுப்பினாய். இன்றைக்கும் அது அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. வாசலிலிருந்து மூன்றாவது.

கட்டாருக்கு உன்னைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே மெஷினில் வேலை என்கிறாய். ஏற்றியது முடியாமல் அடுத்ததை ஏற்ற முடியாத வேலை உனக்கு நல்லதுதான். ஒரு வருடத்தில் வந்து இதையெல்லாம் திரும்பத் தொடங்குவேன் என்றும் சொன்னாய். அந்த வார்த்தைக்குத்தான் எனக்குப் பயம். நான் இத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். எந்தப் பிள்ளையையும் பார்த்து இவனுக்கு வராது என்று நான் நினைத்ததில்லை. என் வயிற்றில் பிறந்தவனைப் பார்த்து இப்போது அப்படி நினைக்கிறேன். இதை ஒரு தாய் எழுதக் கூடாது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை நீ வெளியே போன பிறகு நான் முன் அறைக்குள் போனேன். மஞ்சள் வாசம் அடித்தது. பழைய மஞ்சளுக்கு வாசம் கிடையாது. சுவர் ஓரத்துச் சின்னச் சட்டத்தில், வெள்ளைப் பட்டில், ஈரம் காயாத ஒரு பொட்டு. பக்கத்தில் ஒரு பூ. பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்த அதே நல்ல நேரத்தில், நான் அடுப்படியில் இருந்தபோது, போட்டிருக்கிறாய். கலேவெலயில் மரக்கறி லொறி வைத்திருப்பவரின் மகளுடையது. சாயங்காலம் உன்னிடம் கேட்டேன்.

"நீ அடுத்த வாரம் போறியேப்பா. ஏன் தொட்ட?"

"அந்த அம்மா அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்துட்டாங்கம்மா. நல்ல நேரமாவும் இருந்துச்சு. எப்படித் திருப்பி அனுப்புறது?"

"நீ போறன்னு சொன்னியா?"

நீ சட்டத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினாய்.

மற்றச் சட்டங்களில் இருப்பவற்றுக்கு என்னிடம் வழி இல்லை, தம்பி. சிலரின் கல்யாணம் முடிந்துவிட்டது. சிலருக்கு நாள் நெருங்கிவிட்டது. நீ போன பிறகு அவர்கள் வருவார்கள், நான் கதவைத் திறப்பேன். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வேன். துணியைக் கொடுத்தால் செல்வியின் மாமியார் மாதிரி பின்னால் நகர்ந்தாலும் நகர்வார்கள். ஆனால் கலேவெலப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆவணியில்தான். இப்போது துணி கைக்குப் போனால் தம்புள்ளையில் ஆரி வேலை செய்கிற யாரிடமாவது கொடுத்து முடித்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்குக் காலம் இருக்கிறது. இத்தனை பேரில் ஒருத்தி. அந்த ஒருத்திக்காவது வழி விடலாம்.

ஆகவே இன்று காலை அந்த வெள்ளைப் பட்டைச் சட்டத்திலிருந்து அவிழ்த்தேன். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நல்ல கண்ணருகே வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் உன் பூவைப் பிரித்தேன். ஆரித் தையல் ஒரு முனையைப் பிடித்துவிட்டால் தானாக வந்துவிடுகிறது. துணிக்குக் காயம் இல்லை. மஞ்சள் பொட்டு மட்டும் கொஞ்சம் தெரியும். நேரம் எதுவும் பார்க்கவில்லை, பிறகு காலண்டரைப் பார்த்தபோது அது ராகு காலம். பாவம் ஏதும் இருந்தால் என்னோடு போகட்டும். இந்தக் கடிதத்துக்கு அடியில், மேசையில், அந்தத் துணியும் அளவு ஜாக்கெட்டும் மடித்து இருக்கின்றன.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த அம்மாவுக்குப் போன் செய். அவர்கள் சிங்களவர்கள்தானே, சிங்களத்திலேயே சொல், முடியாது என்பது தமிழைவிட அதில் உனக்குக் கூச்சமில்லாமல் வரும். "இன்னும் தொடங்கவில்லை. என்னால் செய்ய முடியாது. துணி வருகிறது, வேறு இடத்தில் கொடுங்கள்." அவ்வளவுதான். அவர் திட்டினால் திட்டட்டும், போனை வைக்காமல் கேட்டுக்கொள். இந்த வார்த்தையை உன் வாயால் ஒரு முறையாவது சொல்லி, பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டுவிட்டு, பிறகு உன்னை விமானத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நீ சொல்ல மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். "சரிம்மா" என்பாய், பிறகு போன் அடிக்கும், வெளியே போவாய். மாத்தளையில் ஒரு முறை, தம்புள்ளையில் ஒரு முறை பஸ் மாற வேண்டும். துணியை நானே எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போனால் மதியத்துக்குள் கலேவெலயில் இருப்பேன். குடையையும் செருப்பையும் வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா